அக்கா வீட்டு மதர்போர்டு

2025 டிசம்பரில் உடுமலைப்பேட்டைக்குப் போயிருந்தேன். என் பெரியம்மா மகள் வீடு அங்கே. நான் உள்ளே நுழையும்போதே கூடத்தில் ஒரே அமர்க்களம். கட்டில் நிறைய அட்டைப் பெட்டிகள். நடுவே கையைப் பிசைந்து கொண்டு அக்காவின் பையன். என்ஜினீயரிங் படிக்கிறான். கம்ப்யூட்டரைக் கடையில் பூட்டி வாங்காமல் தானே பூட்டுவதாகச் சொல்லி, அக்காவின் சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய், கோயமுத்தூரில் சாமான் வாங்கி வந்திருந்தான்.

"உள்ளே போக மாட்டேங்குதுங்க, சித்தி!" என்றான்.

போகாதது ரேம் பட்டை. ரேம் என்றால் வேறொன்றுமில்லை, சமையல் மேடை மாதிரி. பரணில் எத்தனை டப்பா இருந்தால் என்ன, மேடையில் இடமிருந்தால்தானே ஒரே சமயத்தில் நாலு காரியம் பார்க்கலாம்? அந்த ரேமும் பிராசஸரும் உட்காருகிற பலகைதான் மதர்போர்டு.

பையனிடம் எட்டு ஜி.பி. பட்டைகள் இரண்டு இருந்தன. பெரியப்பா மகனின் ஓடாத பழைய மிஷினிலிருந்து கழற்றியவை. டி.டி.ஆர்.4 ரகம். அவற்றை வைத்துக் கொண்டு பலகை தேடியது கெட்டிக்காரத்தனம்தான். ஏனென்றால் 2025 பின்பாதியில் ரேம் விலை, முகூர்த்த நாள் மல்லிகைப் பூவைப் போல எகிறிவிட்டது. செயற்கை அறிவுக்காகக் கட்டுகிற ராட்சதக் கம்ப்யூட்டர் கூடங்கள் சரக்கையெல்லாம் அள்ளிக் கொண்டு போகின்றன. சாம்ஸங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று உலகத்துக்கே முக்கியமாக மூன்று கம்பெனிகள். அவற்றில் மைக்ரான், 'குரூஷியல்' என்ற பெயரில் நம் போன்றவர்களுக்கு விற்று வந்த வியாபாரத்தையே நிறுத்தப் போவதாக அந்த டிசம்பரில்தான் அறிவித்தது. கையில் இருக்கிற பட்டையை யாராவது விடுவார்களா?

தப்பு நடந்தது பலகையில். பையன் கேட்டது பி760 பலகை. கடைக்காரர் கொடுத்ததும் பி760தான். ஆனால் அதே பெயரில் டி.டி.ஆர்.4 பட்டைக்கு ஒரு பலகை, டி.டி.ஆர்.5 பட்டைக்கு வேறு பலகை என்று இரண்டு ஜாதி உண்டு! சில கம்பெனிகள் பெயரின் வாலில் 'டி4' என்று போடுகின்றன. அந்த வால் இருக்கிறதா என்று பையன் பார்க்கவில்லை. பட்டைகளோ இரட்டைப் பிள்ளைகள். ஒரே நீளம், இரண்டிலும் 288 கால்கள். நடுவே உள்ள சின்ன வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கும்.

அந்த வெட்டைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? அக்கா! ரவிக்கைத் துணியில் கை வெட்டு ஒரு விரற்கடை தவறினாலும் கண்டுபிடிக்கிறவள் அல்லவா? "அமுக்காதே, கண்ணு. இது இதுக்குத் தெச்சது இல்லே" என்றாள். அமுக்கியிருந்தால் பலகை போயிருக்கும்; சீட்டுப் பணமும் போயிருக்கும்.

மறுநாள் பையனோடு நானும் பஸ் ஏறினேன். உக்கடத்தில் இறங்கிக் கடைக்குப் போனால், "பெட்டியைப் பிரித்தால் திரும்ப எடுப்பதில்லை" என்றார்கள். அரை மணி வாதாடி, கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்து, 'டி4' பலகையாக மாற்றினோம். பிராசஸரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த ரகம் இரண்டு பலகைக்கும் பொருந்தும். ரேமுக்கு இரண்டு பள்ளம் உள்ள பலகை மலிவுதான். நான் பிடிவாதமாக நாலு பள்ளம் உள்ளதைக் கேட்டேன். விலை இறங்கும் காலத்தில் இன்னும் இரண்டு பட்டை போட்டுக் கொள்ளலாமே! அதற்கு ஆன அதிகச் செலவை, பையன் ஆசைப்பட்ட வண்ண விளக்குப் பெட்டியை வேண்டாமென்று சொல்லிச் சரிக்கட்டினேன். அதற்காக அவன் பொள்ளாச்சி வரை என்னோடு பேசவில்லை.

பட்டைகளைப் பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவது, நாலாவது பள்ளங்களில் போட்டோம். அப்படி ஜோடியாகப் போட்டால்தான் இரண்டும் சேர்ந்து வேகமாக வேலை செய்யும். பொத்தானைத் தட்டினால் திரை கறுப்பு! அக்காவின் முகமும் கறுத்தது. கரண்டை நிறுத்திப் பார்த்தோம். ஒரு பட்டையின் முனை சரியாக உட்காரவில்லை. நேராக அழுத்தியதும் 'டக்'கென்று சத்தம் கேட்டது.

திரையில் பதினாறு ஜி.பி. என்று வந்தது. பையன் குதித்தான். அக்கா பில்லையும் வாரண்டிச் சீட்டையும் காலிப் பெட்டிக்குள் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அடுத்த சீட்டு எப்போது எடுக்கலாம் என்று காலண்டரைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.