ஜான்சன் என்னும் பெயரும் நம் தலைப்பெழுத்தும்

மக்கட்பெயர்களின் வரலாறு மக்களின் வரலாறேயாம். ஒரு பெயர் எங்ஙனம் பிறந்தது, எவ்வாறு பரவியது என்று ஆராய்வார்க்கு, அதனை வழங்கிய சமூகத்தின் சமயமும் தொழிலும் சட்டமும் ஒருங்கே புலனாகும். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுள் நம் நாட்டார் நன்கறிந்த ஜான்சன் என்பதை எடுத்துக்கொண்டு, அதன் வாயிலாக நம்மவர் பெயர்முறையைக் குறித்து யாம் கருதுவதை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

ஜான்சன் என்பது ஜானின் மகன் எனப் பொருள்படும். ஜான் என்பதோ, ‘கடவுள் அருளுடையவர்’ என்னும் பொருளுடைய எபிரேயப் பெயரொன்று கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளின் வழியே திரிந்து வந்ததாகும். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் இப்பொருளை நன்குணர்ந்து, யோவானை அருளப்பர் என்று வழங்கினர். எனவே, ஜான்சனைத் தமிழாக்குமிடத்து அருளப்பன் மகன் என்றே கூறல் வேண்டும்.

இடைக்கால இங்கிலாந்தில் ஜான் என்னும் பெயர் பெரிதும் பரவியிருந்தது. ஒரே சிற்றூரில் அப்பெயருடையார் பலர் இருந்தமையின், அவரைத் தொழிலாலும் ஊராலும் தந்தை பெயராலும் பிரித்தறிய வேண்டியதாயிற்று. கொல்லுத் தொழில் செய்தவன் ஸ்மித் ஆயினான். ஜானுக்குப் பிறந்தவன் ஜான்சன் ஆயினான். தொடக்கத்தில் இவ்வடைமொழி தலைமுறைதோறும் மாறக்கூடியதாகவே இருந்தது. ஜானின் மகன் வில்லியம், வில்லியம் ஜான்சன். அவனுடைய மகன் ராபர்ட், ராபர்ட் வில்லியம்சன். நாளடைவில் வரி வாங்குவோரும், நிலவுரிமைப் பத்திரம் எழுதுவோரும், 1538ஆம் ஆண்டின் ஆணைப்படி ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைக் கோயிற்பதிவேடுகளில் குறித்துவந்தோரும் நிலையான பெயரையே வேண்டினர். ஓடிய நீர் உறைந்தாற்போல, மாறிவந்த அடைமொழி மாறாத குடும்பப் பெயராயிற்று.

அவ்வாறு உறைந்ததன் பயனைக் காண்மின். 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனுடைய தந்தையார் பெயர் மைக்கேல். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த லிண்டன் ஜான்சனின் தந்தையார் சாமுவேல். 2019 முதல் 2022 வரை பிரிட்டனின் பிரதமராயிருந்த போரிஸ் ஜான்சனின் தந்தையார் ஸ்டான்லி. இம்மூவருள் ஒருவரேனும் ஜானின் மகனல்லர். அவர் தம் புதல்வியரும் ஜானின் ‘மகன்’ என்றே வழங்கப்படுவர். பெயர் நின்றது, பெயர்க்காரணம் மறைந்தது.

ஆயினும் இப்பெயரின் பெருக்கம் வியக்கத்தக்கது. 2010ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கில் 19,32,812 பேர் ஜான்சன் என்னும் குடும்பப் பெயரினர்; ஸ்மித் ஒன்றே இதனை விஞ்சியது. இவரெல்லாரும் ஆங்கிலேயர் வழியினர் அல்லர். சுவீடனிலிருந்து குடியேறிய யோஹான்சன்கள் பலர் அந்நாட்டு வழக்கிற்கேற்ப ஜான்சன்கள் ஆயினர். அடிமைத்தளையினின்று விடுபட்ட ஆப்பிரிக்க மரபினர் பலரும் இப்பெயரைத் தாங்கினர். வேல்ஸ் நாட்டில் மிக்குள்ள ஜோன்ஸ் என்பதும் ஜானின் வழிப்பட்டதே. ஒல்லாந்தரிடத்து இதுவே யான்ஸ் என வழங்கும். யானின் மகன் என்பது அதன் பொருள். 1613இல் நம் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிய ஒல்லாந்தர், தந்தை பெயரைச் சேர்த்து வழங்கும் இம்முறையினையே பெரிதும் கைக்கொண்டிருந்தனர். நெப்போலியனது ஆட்சியின்கீழ் 1811இல் பிறந்த ஆணையே, ஆங்குக் குடும்பப் பெயரை யாவர்க்கும் கட்டாயமாக்கிற்று.

இனி நம் நாட்டை நோக்குவோம். கரூரை அடுத்த புகழூர்த் தமிழிக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைகளைத் தொடுத்துக் கூறுகின்றது. சங்கப் புலவர் ஒருவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனப்படுகின்றார். ஆங்கிலர் பெயரின் பின்னே வைத்த ‘மகன்’ என்னும் சொல்லை நம் முன்னோர் பெயரின் முன்னே வைத்தனர், வேறுபாடு அவ்வளவே. பிற்காலத்தில் அச்சொல்லும் மறைந்து, தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் எஞ்சிற்று. அதுவே நம் தலைப்பெழுத்து. அருளப்பன் என்பார் தம் மைந்தனுக்கு ஜான்சன் என்று பெயரிட்டு, அவன் அ. ஜான்சன் எனக் கையெழுத்திடுவானாயின், ஒரே செய்தியை இருமுறை கூறியவனாவான்!

ஜான்சன், வில்சன், நெல்சன் முதலிய ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் தமிழரிடையே இயற்பெயர்களாய் வழங்குதல் நாமறிந்ததே. அப்பெயர்களைக் கடன் கொண்டபோதும் தலைப்பெழுத்தை நம்மவர் விட்டாரல்லர். இது போற்றற்குரியது. ஆனால் இன்று அத்தலைப்பெழுத்திற்கே இடுக்கண் நேர்ந்துள்ளது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை அடுத்துள்ள கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையை எண்ணிப் பாருங்கள். ஆங்குத் தமிழரும் தெலுங்கரும் வடநாட்டாரும் ஒருங்கே உழைக்கின்றனர். தமிழரின் தலைப்பெழுத்து தந்தையைக் குறிக்கும். தெலுங்கரின் தலைப்பெழுத்து ‘இண்டிபேரு’ என்னும் வீட்டுப் பெயரைக் குறிக்கும். ஒடியர், பீகாரிகள் முதலியோருட் பலர்க்குக் குடும்பப் பெயர் இறுதியில் நிற்கும். விண்ணப்பப் படிவங்களோ எல்லார்க்கும் ஒன்றே: முதற்பெயர், குடும்பப் பெயர். நம் இளைஞர் இரண்டாவது கட்டத்தில் யாது எழுதுவதென்று திகைத்து, ஓரிடத்தில் எழுத்தையும், வேறோரிடத்தில் தந்தை பெயரையும், மற்றோரிடத்தில் வெறுமையையும் விடுகின்றனர். பின்னர்ப் பள்ளிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் வருங்கால வைப்புநிதியும் ஒன்றோடொன்று பொருந்தாது அல்லலுறுகின்றனர்.

இதனைக் கண்ட சிலர், தமிழரும் நிலையான குடும்பப் பெயரொன்றை மேற்கொள்ளுதலே தக்கது என்பர். அக்கூற்றை யாம் ஏற்கோம். நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாய் மாறாது நின்ற பட்டம் சாதிப் பட்டமே. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் பின் அப்பட்டங்களை இடுதல் ஒழிக எனத் தீர்மானித்தது. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை கும்மிடிப்பூண்டியும் அச்செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. அரிதில் நீக்கிய பட்டத்தை, ஒரு படிவத்தின் வெற்றிடத்தை நிரப்புதற்பொருட்டு மீண்டும் அழைத்தல் அறிவுடைமையாகுமா? தலைப்பெழுத்தைக் கண்டு ஒருவனுடைய தந்தையை வினவலாம். குலத்தை அறிதல் இயலாது. அதுவே அதன் சிறப்பு.

உலகிற்கு இம்முறை ஒவ்வாது என்பதும் பொருந்தாது. ஐஸ்லாந்து மக்கள் இன்றும் மகனுக்குத் தந்தை பெயரோடு ‘சோன்’ என்பதையும், மகளுக்கு ‘தோத்திர்’ என்பதையும் சேர்த்தே வழங்குகின்றனர். 1925இல் அவர் இயற்றிய சட்டம் புதிய குடும்பப் பெயர்களையே தடுத்தது. தொலைபேசிப் புத்தகத்தையும் அவர் இயற்பெயரின் வரிசையிலேயே அமைத்தனர். ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டினர்க்குச் சுற்றுலா அனுமதி இல்லை என்று அறிவித்தபோது நம்மவர் பலர் கலங்கினர். சின்னாட்களில், தந்தை பெயர் சீட்டின் வேறு பக்கத்தில் இருப்பினும் போதும் என விளக்கம் வந்தது. படிவமும் வளைந்து கொடுக்கும் என்பதற்கு இது சான்று.

எனினும், நம் முறை குறையற்றது என்று யாம் கூறோம். மகவை ஈன்ற தாய்க்கு அதன்கண் இடமில்லை. தாய், தந்தை இருவர் பெயரின் முதலெழுத்தையும் இட்டு எழுதுவோர் இன்று உளர். அவ்வழக்கம் பரவுதல் நன்று. ஜான்சன் என்பது உறைந்துவிட்டமையின் அதனைத் திருத்த இயலாது. நம் தலைப்பெழுத்தோ தலைமுறைதோறும் புதிதாய்ப் பிறத்தலின் திருத்தத்திற்கு இடந்தருகின்றது.

ஆகவே மாணாக்கர்க்கு யாம் கூறுவது இது: கல்லூரியை விட்டு நீங்குமுன்னரே தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரை அல்லது பெற்றோர் பெயரை முழுமையாக எழுதி, எல்லா ஆவணங்களிலும் எழுத்துப் பிறழாது அவ்வொரு வடிவத்தையே காத்துக்கொள்ளுங்கள். உங்களுட் சிலர் நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் படிவம் வகுக்கும் நிலையை அடைவீர்கள். அப்பொழுது, ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்து, அவரவர் பெயரை அவரவர் வழக்கப்படியே எழுத விடுங்கள்.