நாணயத்தின் தரமும் வன்னி மண்ணின் சான்றும்

தரப்படுத்தல் என்னும் சொல் ஈழத்து மாணாக்கர் செவிக்குக் கசப்பானது. 1970களில் பல்கலைக்கழக அனுமதியிற் புகுந்த அச்சொல், எண் ஒன்றை இட்டுவிட்டால் நியாயம் நிறுவப்பட்டதாகிவிடும் என்ற மயக்கத்தைத் தோற்றுவித்தது. அதே மயக்கம் இன்று பழங்காசு சேகரிப்போரிடையே வேரூன்றி நிற்கின்றது. வன்னி மண்ணிலிருந்து வெளிப்படும் செப்புக்காசையும் இவ்வெண்ணின் ஆட்சிக்கு உட்படுத்துவது கண்டிக்கத்தக்கது.

இவ்வெண் எங்கிருந்து வந்தது? அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் தம் நாட்டுப் பழைய செப்புச் சதங்களுக்கென 1 முதல் 70 வரையான அளவுகோலொன்றை வகுத்தார். இன்ன காசென்று மட்டும் அறியத்தக்கவாறு தேய்ந்தது 1, குறையற்றது 70. எழுபதாம் படியிலுள்ள காசு முதற்படிக் காசினும் எழுபது மடங்கு விலைபெறும் என்பதே அக்கணக்கின் அடிப்படை. அவ்விலை விகிதம் பின்னர்ச் சந்தையிற் பொய்த்தது. எண் மட்டும் நிலைத்தது. 1986இலும் 1987இலும் அங்கு தோன்றிய இரு தரச்சான்று நிறுவனங்கள், காசை நெகிழிப் பேழையிலிட்டு எண் குறித்து முத்திரையிடும் வழக்கத்தைப் பரப்பின. ஆகவே தரம் என்பது பிறப்பிலேயே விலையின் மறுபெயராகும்.

இயந்திரத்தால் ஒரே சீராக அடிக்கப்பட்ட காசுகளை ஒப்பிடுதற்கும், வாங்குவோன் ஏமாறாதிருத்தற்கும் இம்முறை பயன்படும் என்பதை மறுத்தல் தகாது. எனினும், இலங்கையிற் கிடைக்கும் இலட்சுமி உருவம் பொறித்த நீள்சதுரச் செப்புத் தகடுகளோ, நந்தியும் 'சேது' என்னும் தமிழ் எழுத்தும் தாங்கிய காசுகளோ அவ்வாறு ஆக்கப்பட்டவையல்ல. அவற்றின் உருவம் மங்கியிருப்பது புழக்கத்தாலோ, ஆக்கத்தின் குறையாலோ, மண்ணின் உவராலோ என்பதை ஓர் எண் எங்ஙனம் உரைக்கும்?

சந்தை இகழும் தேய்வையே வரலாறு போற்றுகின்றது. கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு உரோமச் செப்புக்காசுகளும், அவற்றைப் பின்பற்றி ஈண்டு ஆக்கப்பட்டனவும் இந்நாட்டிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. தரப்பட்டியலில் அவற்றுட் பெரும்பாலானவை கடைநிலையின. ஆயினும் அவை பலர் கையில் மாறிப் புழங்கியமைக்கு அத்தேய்வே சாட்சி.

சேது நாணயங்கள் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியனவா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுக்கு உரியனவா என்ற வாதம் நெடுநாள் நிகழ்ந்தது. அவை எங்கு மிகுதியாகக் கிடைக்கின்றன என்பது அவ்வாதத்தில் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று. பளபளப்பை எவரும் சான்றாகக் காட்டவில்லை. 1993இல் வெளிவந்த பூநகரி பற்றிய ப. புஷ்பரட்ணத்தின் தொல்லியல் நூலும் அவ்விடத்தின் பழமையை மண்ணொடு கிடைத்த சான்றுகளைக் கொண்டே நிறுவ முயன்றது. கிடைத்த இடம் மறைந்த காசு, பெயர் கிழிக்கப்பட்ட ஏட்டுக்கு ஒப்பாகும்.

உயர்ந்த தரத்தின் மீதுள்ள ஆசை மற்றொரு கேட்டையும் விளைக்கின்றது. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோற் காசையும் துலக்குவோர் உளர். களிம்போடு எழுத்தும் கரைகின்றது. ஒட்டிய மண்ணும் போகின்றது. துலக்கிய காசுக்குத் தரச்சான்று நிறுவனங்கள் எண் வழங்க மறுக்கின்றன என்பர். அம்மறுப்பு அழிவு நேர்ந்த பின்னர் வருவது. அழிந்ததை அது மீட்பதில்லை.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டம், கண்டெடுக்கப்படாது மண்ணுட் கிடக்கும் தொல்பொருளை அரசின் உடைமையாக்கியது. சட்டம் மட்டும் போதாது. 2009 வரை நீடித்த போரிற் பதுங்குகுழிகளாலும் மண்ணணைகளாலும் புரட்டப்பட்ட நிலம் வன்னி. எஞ்சிய சான்றைப் புதையல் தேடுவோரும் வணிகரும் சிதைக்க, கற்றோர் வாளாவிருத்தல் முறையன்று. கிளிநொச்சியிலோ, முல்லைத்தீவிலோ, வவுனியாவிலோ உழுபடையில் ஒரு காசு தட்டுப்படின், அதனைத் துலக்காது, கிடைத்த இடம், ஆழம், உடனிருந்த ஓடுகள், எடை, விட்டம் ஆகியவற்றைக் குறித்துத் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிக்கும் வழக்கத்தை ஊர்தோறும் பரப்புதல் பல்கலைக்கழக மாணவரின் கடன். எத்தனையாம் தரம் என்ற வினா விற்பனையாளனுக்கு உரியது. எந்த மண்ணில், எதனோடு என்ற வினாவே வன்னியின் வரலாற்றுக்கு உரியது.