தொலைக்காட்சியில் வராத சாட்சி

பாபநாசம் வட்டாரத்தில் வேதக்கோயில் இல்லாத காலனிகள் உண்டு. கிறிஸ்தவத் தொலைக்காட்சி எட்டாத காலனி அநேகமாக இல்லை. நடவுக்குக் கிளம்பும் முன் ஒரு ஜெபம், ஞாயிறு காலையில் ஒரு திருப்பலி, ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் என்று அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இந்த ஊழியத்தைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள் காணிக்கைக் கணக்கையோ மதமாற்றத்தையோதான் பேசுகிறார்கள். தலித் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தமிழகத் திருச்சபையின் பெரும்பகுதி தலித்துகள். அவர்கள் பார்த்து, அவர்கள் காணிக்கையும் சேர்ந்து வளர்ந்த இந்தத் திரையில், அவர்கள் படும் பாடு ஏன் தெரிவதில்லை?

அச்சிலிருந்து அலைக்கு

ஊடகத்தின் வழியாகச் சமயம் பரப்புவது டெல்டாவுக்குப் புதிதல்ல. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1713-இல் தமிழ் எழுத்தில் அச்சடிக்கத் தொடங்கினார். புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் நிறைவு பெற்றது. அந்த அச்சுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு தஞ்சைச் சீமையில் ஊர் ஊராகப் போதித்தவர்களில் ஒருவர் இராசநாயக்கன். பறையர் குலத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்தவர். 1771-இல் இறக்கும் வரை உபதேசியாராகவே இருந்தார். குருப்பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1733-இல் முதல் இந்திய புராட்டஸ்டன்ட் குருவாகப் பட்டம் பெற்ற ஆரோன் வேளாளர். இராசநாயக்கன் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதே மிஷனரிகள் சொன்ன காரணம்.

நூறு ஆண்டு கழித்து, 1833-இல், பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சையில்தான் அதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் பெரும் பெயர் பெற்ற வேதநாயகம் சாஸ்திரியார் சாதிப் பிரிவினையின் பக்கம் நின்று எழுதினார். ஆக, ஊடகம் அச்சானாலும் பாட்டானாலும், யார் பேசுவது, யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி அதன் கூடவே வந்தது.

வானொலிக் காலத்தில் மணிலாவிலிருந்து வேரித்தாஸ், செஷல்ஸ் தீவிலிருந்து பெபா என்று சிற்றலையில் தமிழ் நற்செய்தி வந்தது. வங்கி ஊழியராக இருந்த டி.ஜி.எஸ். தினகரன் 1970-களில் வானொலியில் பேசத் தொடங்கினார். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் வந்தது. 1993-இல் சன் டிவி வந்தபின் தனியார் அலைவரிசைகள் பெருகின. அவற்றின் அதிகாலை அரைமணி நேரங்களைப் போதகர்கள் காசு கொடுத்துப் பிடித்தார்கள். பிறகு ஏஞ்சல் டிவி, கத்தோலிக்கத் திருச்சபையின் மாதா டிவி என்று முழுநேர அலைவரிசைகளே வந்துவிட்டன.

வீட்டுத் தரையில் கிடைத்த சமத்துவம்

இதனால் தலித் மக்களுக்குக் கிடைத்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முன்பு பல ஊர்களில் பஞ்சாயத்து டிவி இருந்த இடம் குடியானத் தெரு. அங்கே போய்ச் சமமாக உட்கார்ந்து பார்ப்பது எல்லாருக்கும் முடிந்த காரியமாக இல்லை. 2006-இல் அன்றைய அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோதுதான் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் பலவற்றின் கூரைக்குள் பெட்டி வந்தது. அதன் முன்னே முன்வரிசை, பின்வரிசை இல்லை. நற்கருணை வாங்க யார் முதலில் போவது என்ற தகராறு இல்லை. தேவனிடம் பேச ஊர்ப் பெரியவரின் அனுமதி வேண்டாம். 2020 ஊரடங்கில் கோயில்களை அடைத்து, வேளாங்கண்ணித் திருவிழாவும் பக்தர்கள் இல்லாமல் நடந்தபோது எல்லாச் சாதியாரும் ஒரே மாதிரி திரையைப் பார்த்துத்தான் கும்பிட்டார்கள்.

ஆனால் திரையில் கிடைத்த சமத்துவம் தெருவுக்கு இறங்கவில்லை. விழுப்புரம் பகுதியில் (இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம்) எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. நம் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையத்தில் திருவிழா, கல்லறை, பங்கு நிர்வாகம் எதிலும் சம உரிமை இல்லை என்று தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. காகிதத்தில் ஒப்புக்கொண்டதைத் திரையில் பேச மட்டும் ஏன் தயக்கம்?

சாட்சிக்கு ஒரு விலை உண்டு

தொலைக்காட்சி ஊழியத்தின் உயிர்நாடி 'சாட்சி' நிகழ்ச்சி. நோய் தீர்ந்தது, கடன் அடைந்தது, குழந்தை பிறந்தது என்று சாதாரண மக்கள் கேமரா முன் வந்து சொல்கிறார்கள். தேர் தங்கள் தெருவுக்கு வராததையும், கல்லறையில் குறுக்கே சுவர் நிற்பதையும் சொல்ல அந்த நேரத்தில் இடமில்லை. இது மனவருத்தத்தோடு முடிகிற விஷயமல்ல, சட்டத்தோடு சம்பந்தப்பட்டது.

1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை, பட்டியல் சாதியாருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் போனார். 1985-இல் வழக்குத் தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்பது நீதிமன்றத்தின் பேச்சு. அதாவது, சாட்சி போதவில்லை!

அதன் விளைவை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இன்றும் அனுபவிக்கிறார்கள். கிறிஸ்தவர் என்று பதிந்த தலித் மாணவர் கல்லூரியிலும் அரசு வேலையிலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிட வேண்டும். சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைப்பது கடினம். பக்கத்துத் திருவிடைமருதூர் தனித்தொகுதியில் ஓட்டுப் போடலாம். வேட்பாளராக நிற்க முடியாது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கோரித் தீர்மானம் போட்டது. இதே பிரச்சினையை ஆராய நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தை ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அமைத்து, பிறகு அதன் காலத்தை நீட்டித்தது. இத்தனையிலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: மதம் மாறியும் சாதி விடவில்லை என்பதற்கு ஆதாரம். கேமராவும் ஒலிவாங்கியும் வைத்திருக்கிற திருச்சபை, அந்த ஆதாரத்தைத் தன் சொந்த ஊர்களிலேயே பதிவு செய்திருக்க முடியும்.

செய்யாததற்குக் காரணம் தெரிந்ததுதான். சாதியைப் பேசினால் மேல்சாதி விசுவாசிகள் மனம் கோணும், காணிக்கை குறையும், 'உள்வீட்டு அழுக்கை ஏன் வெளியே சொல்கிறாய்' என்பார்கள். முந்நூறு ஆண்டுக்கு முன் இராசநாயக்கனுக்குப் பட்டம் கொடுக்காமல் விட்டதும் இதே பயத்தில்தான்.

கேட்க வேண்டியவை

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் ஒரு மணி நேரம் தலித் கிறிஸ்தவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். அதை நடத்துவது தலித் இளைஞர்களாக இருக்க வேண்டும். ஆகஸ்ட் 10 கருப்பு தினத்தையும் நவம்பரில் வரும் தலித் விடுதலை ஞாயிறையும் பத்தோடு பதினொன்றாக விடாமல் நேரலையில் காட்ட வேண்டும். கிராமத் திருவிழாக்களை ஒளிபரப்பும்போது தேர் எந்தத் தெரு வரை போகிறது, எங்கே திரும்புகிறது என்பதையும் கேமரா காட்ட வேண்டும். சுவர் உள்ள கல்லறைகளைப் படம் பிடித்து ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். ஊடகம் படிக்கும் நம் மாணவர்கள் கையில் இருக்கிற செல்போனிலேயே இந்த வேலையைத் தொடங்கலாம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

காலனிக் குடும்பம் அனுப்புகிற காணிக்கை நூறு ரூபாயானாலும் அது ஒரு நாள் கூலியில் ஒரு பங்கு. அதை வாங்குகிற கைக்கு, கொடுத்தவரின் துயரத்தைக் கேட்கிற காதும் இருக்க வேண்டும்.