பிளக்கைக் குத்துமுன் ஒரு வார்த்தை



நேற்று அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்த அஞ்சு பேரும் சொன்னது ஒரே வார்த்தை: "சேர், பிளக்கைக் குத்திப் பாருங்களேன்." நான் குத்தவில்லை. "சேருக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்று ஒரே சிரிப்பு. சிரித்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமான் இதுதான். ஒன்லைன் விளம்பரத்தில் பார்த்து வாங்கிய பழைய கெரார்ட் ரெக்கோட் பிளேயர், இங்கிலாந்தில் ஸ்விண்டனில் செய்தது. "வேர்க்கிங் கண்டிஷன்" என்று போட்டிருந்தார்கள். பாட்டுப் போகிற வீடியோவும் இருந்தது. வாப்பா விட்டுப்போன நாகூர் ஹனிபா ரெக்கோட்டுகளை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பெட்டியைத் திறந்ததும் எதையும் தொடாமல் போட்டோ எடுத்தேன். இந்த டெக் ஸ்பிரிங்கில் மிதப்பது. வழியில் ஆடாமல் இறுக்கி அனுப்பவே அதில் ஸ்குரூ வைத்திருக்கிறார்கள். இறுக்கியிருக்கவில்லை. கனத்த தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றவும் இல்லை. கையால் சுற்றிப் பார்த்தேன். பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகி, தட்டு முக்கி முனகித்தான் நகர்ந்தது. மோட்டருக்கும் தட்டுக்கும் நடுவில் நிற்கும் ரப்பர் சில்லு வருசக்கணக்காக ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து பள்ளம் விழுந்திருந்தது. ஊசியின் முனை இல்லை. வழியில் உடைந்திருக்கலாம் என்று நல்லெண்ணம் வைத்துப் பார்த்தேன். ஆனால் உடைந்த இடத்தில் தூசு அடைபட்டுக் கிடந்தது. இரண்டு நாள் பயணத்தில் அவ்வளவு தூசு சேராது.

அப்படியே போட்டிருந்தால் அந்த உடைந்த கம்பி வாப்பாவின் ரெக்கோட்டை உழுதிருக்கும். சில்லு புதிதாக வாங்கலாம், ஊசியும் வாங்கலாம். ரெக்கோட்டில் விழுந்த கோட்டை யாராலும் அழிக்க முடியாது.

இதைவிடப் பெரியது அடியில் இருந்தது. வோல்டேஜ் 115 இல் வைத்திருக்கிறது. நம் சுவரில் வருவது 230. புல்லியும் 60 ஹேர்ட்ஸுக்கானது. நம் 50 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வரவேண்டிய தட்டு 28க்குக் கிட்டத்தான் சுற்றும், ஹனிபா தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இழுக்கும். சுவிட்சோடு இருந்த சின்னக் கபாசிட்டர் வெடித்துப் பிளந்திருந்தது. நீங்கள் சொன்னபடி குத்தியிருந்தால் மோட்டர் புகைந்திருக்கும். பக்கத்தில் நின்றது என் மகன்.

அப்படியென்றால் வீடியோவில் பாட்டு சரியான வேகத்தில் போனது எப்படி? அது இந்த மெஷின்தானா? இதைத்தான் விற்றவரிடம் கேட்டேன். "பழைய சாமான் என்றால் அப்படித்தான், சேர்" என்று பதில் வந்தது.

இங்கேதான் எனக்குக் கோபம். பழையது என்பது குறையை மறைக்கக் கொடுத்த லைசென்ஸ் இல்லை. ரசூலுல்லாஹ் (ஸல்) சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நம் பிள்ளைகளுக்குச் சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். மேலே காய்ந்தது, கீழே ஈரம். மேலே பொலிஷ் போட்ட மரப்பெட்டி, கீழே பிளந்த கபாசிட்டர். என்ன வித்தியாசம்?

"ஆள் நம்மட ஆள், விட்டுடுங்க" என்கிறார்கள். நம்மட ஆள் என்பதால்தான் விட மாட்டேன்.

வாங்குகிறவனுக்கும் கடமை இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு, ஆனால் தாமதிக்கக் கூடாது. தெரிந்த பிறகும் பாவித்தாலோ நம் கையால் இன்னொரு குறை சேர்ந்தாலோ அந்த உரிமை ஆட்டம் காணும். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் கிட்டத்தட்ட இதே வழிதான். சோதித்துப் பார்க்க அவகாசம் உண்டு, சொந்தக்காரன்போல் கழற்றி மாற்றத் தொடங்கினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். "எண்ணெய் ஸ்பிரே அடிங்க, ஓடும்" என்றாரே ஒருவர், அவருக்கும் இதுதான் பதில். அந்த எண்ணெய் வழிந்து ரப்பரில் பட்டால் சில்லு வழுக்கும், கிரீஸ் இறுகிய இடத்துக்குச் சுகமும் வராது. பெயின்ட் அடித்து வார்னிஷ் போட்டுத் தருகிறேன் என்றவருக்கு: சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த நமக்குத் துருவைப் பற்றிப் பாடம் வேண்டியதில்லை.

பாட்டுப் பெட்டிக்கு ஹதீஸா என்று ஒரு ஹஸரத் முகம் சுளித்தார். 1961 இல் கெய்ரோவில் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரியின் குர்ஆன் ஓதலும் ரெக்கோட்டாகத்தான் வெளிவரத் தொடங்கியது என்பதை மரியாதையோடு சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று. வால்வு போட்ட பழைய பிளேயர், றேடியோ வீட்டில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவற்றில் சிலவற்றில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே நேராகக் கரண்ட் வயரில் மாட்டியிருக்கும். பிளக்கைத் திருப்பிக் குத்தினால் சட்டம் முழுக்கக் கரண்ட். திருகு குமிழ் கழன்ற கம்பியைப் பிள்ளை தொட்டால் போதும். தெரிந்த எலக்ட்ரீஷியன் பார்க்காமல் குத்தாதீர்கள்.

விற்றவருக்குப் போட்டோ எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன். அதுவரை மெஷின் அலுமாரிக்கு மேலே, பிளக்கில் டேப் சுற்றிக் கிடக்கிறது. வருகிறவர்கள் தேநீர் குடிக்கலாம், குத்திப் பார்க்கச் சொல்லாதீர்கள்.