இருக்கும்போதே இன்னொரு பிரதி

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பச்சைப் பை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரங்கள், காணிக் கடதாசிகள் எல்லாம் அதற்குள்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு நீராவிப்பிட்டியிலிருந்த எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று கையோடு வந்த கடதாசிகள் சில, வராதவை பல. வராதவற்றுக்காக வாப்பும்மா எத்தனை கந்தோர்ப் படிகள் ஏறி இறங்கினார் என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால் அந்தப் பைக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை. மழைக்கு வீடு ஒழுகினாலும் முதலில் இறங்குவது அந்தப் பைதான்.

இவ்வளவு கவனமான வீட்டில்தான் சென்ற ஆண்டு வாப்பாவின் மின்னஞ்சல்கள் அத்தனையும் தொலைந்தன.

வாப்பாவின் பழைய மடிக்கணினியில் அவுட்லுக் மென்பொருள் இருந்தது. நானா வெளிநாடு போவதற்கு முன் அதை அமைத்துக் கொடுத்தார். வரும் கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு, சேவை வழங்குநரின் பெட்டியிலிருந்து நீக்கிவிடும் 'பொப்' முறை அது. பெட்டியில் இடம் குறைவு என்பதால் அப்படிச் செய்தாராம். கணினி மெதுவாகிப் போகவே, வவுனியாவில் ஒரு கடையில் கொடுத்தோம். திருத்தியவர் 'போர்மட்' பண்ணி விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார். படங்களையும் பாடக் குறிப்புகளையும் எடுத்து வைக்கச் சொன்ன நாங்கள், கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடிதம் இணையத்தில்தானே இருக்கிறது என்பது எங்கள் நினைப்பு. வீட்டுக்கு வந்து அவுட்லுக்கைத் திறந்தால் பெட்டி வெறுமை.

அதற்குள் எங்கள் காணி அனுமதிப்பத்திரத்தின் ஸ்கேன் பிரதி இருந்தது. மூலப்பத்திரம் 1990இலேயே போய்விட்டது. புத்தளத்தில் பெரியவாப்பா வைத்திருந்த போட்டோப் பிரதியை அவருடைய மகன் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். இன்னொன்றும் இருந்தது. வடக்கே எந்தப் பாலை மரம், கிழக்கே யாருடைய கிணறு, தெற்கே எந்த வாய்க்கால் என்று காணியின் எல்லைகளை நினைவிலிருந்து எழுதி பெரியவாப்பா அனுப்பிய நீண்ட கடிதம். அதை எழுதிய சில மாதங்களில் அவர் வபாத்தானார்.

தேடத் தொடங்கினோம். நானா இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்த பிரதி அகப்பட்டது. அதற்கு முந்திய கடிதங்கள் அப்படியே மீண்டன. பிறகு, தெரிந்த ஒருவர் மீட்பு மென்பொருளால் ஹாட் டிஸ்க்கைத் துழாவினார். உடைந்த கோப்பு ஒன்று கிடைத்தது. அதைத் திருத்திப் பார்த்தபோது சில கடிதங்கள் வந்தன. சிலவற்றுக்குத் தலைப்பு மட்டுமே வந்தது. அனுமதிப்பத்திரத்தின் ஸ்கேன் பிரதி வேறு வழியில் கிடைத்தது. பெரியவாப்பாவின் மகன் தனது 'அனுப்பியவை' பெட்டியில் தேடி, ஐந்து நிமிடத்தில் மறுபடி அனுப்பி வைத்தார். ஆனால் பெரியவாப்பாவின் கடிதம்? "காணி எல்லை" என்ற தலைப்பு இருக்கிறது. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. அவருடைய கணக்கின் கடவுச்சொல்லை அறிந்தவரும் எவரும் இல்லை.

இதை எங்கள் வீட்டின் கவலையீனம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நாட்டின் அரசாங்கத்துக்கே இது நடந்திருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன; அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். அமைப்பு விரைவில் மீண்டும் இயங்கியது. ஆயினும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான ஏறத்தாழ நூறு நாட்களின் கடிதங்கள் மீளவில்லை. காரணம் எளிமையானது. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியையும் தீநிரல் பூட்டிவிட்டது. இணைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதியோ அந்த நாட்களுக்கு இருக்கவில்லை. மைக்ரோசொப்ட் அந்த ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்ட 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள் அங்கு இன்னமும் பாவனையில் இருந்ததும் பின்னர் தெரியவந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்று 2011 பெப்ரவரி இறுதியில் நடந்தது. மென்பொருளில் ஏற்பட்ட ஒரு பிழையால் ஜிமெயில் பாவனையாளர் சிலரின் பெட்டிகள் திடீரென வெறுமையாகின. மொத்தப் பாவனையாளரில் 0.02 வீதம் என்று கூகுள் கணக்குச் சொன்னது. பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் அந்தப் பிழையிலிருந்து தப்பவில்லை. ஆனால் கூகுள் கடிதங்களைக் காந்த நாடாக்களிலும் எழுதித் தனியே வைத்திருந்தது. இணைப்பில் இல்லாத நாடாவைப் பிழை தொடவில்லை. சில நாட்களில் கடிதங்கள் நாடாவிலிருந்து திரும்பி வந்தன.

இரண்டு சம்பவங்களிலும் பெரிய கணினிகளும் கெட்டிக்காரப் பொறியியலாளர்களும் இருந்தார்கள். ஓரிடத்தில் மீண்டது, மற்ற இடத்தில் மீளவில்லை. வேறுபாடு, இணைப்பிலிருந்து பிரித்து எடுத்து வைத்த ஒரு பிரதி. அதனால் என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன்: ஒரே இடத்தில் இருக்கும் கடிதம் பாதுகாப்பான கடிதம் அல்ல. மீட்பு என்பது தொலைந்த பிறகு தொடங்கும் வேலையும் அல்ல; கடிதம் கையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டிய வேலை.

"எனது தொலைபேசியிலும் கணினியிலும் இரண்டிலும் கடிதம் வருகிறதே, அது இரண்டு பிரதி ஆகாதா?" என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். ஆகாது. 'ஐமெப்' முறையில் இரண்டும் ஒரே பெட்டியின் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். ஜிமெயிலின் குப்பைக்கூடைக்குப் போன கடிதம் 30 நாட்களில் நிரந்தரமாகப் போய்விடும். இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம். 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காகத் திறந்து பிறகு மறந்துபோன கணக்கு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

கடிதம் காணாமற்போனால் பதறாமல் தேடும் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில், அது உண்மையில் தொலைந்ததா என்று பாருங்கள். வாசிக்காத கடிதங்களை மட்டும் காட்டும்படி அவுட்லுக்கில் ஒரு தெரிவு இருக்கிறது. கைதவறி அதை அழுத்திவிட்டால் பாதிக் கடிதங்கள் மறைந்ததுபோல் தோன்றும். பழைய கடிதங்கள் தாமாகவே 'ஆர்க்கைவ்' கோப்புக்குப் போயிருக்கவும் கூடும். அடுத்ததாகக் குப்பைக்கூடை, வேண்டாத கடிதங்களின் பெட்டி ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு இணைய உலாவி வழியாக நேரடியாகக் கணக்குக்குள் போய்த் தேடுங்கள். அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு உடைந்திருந்தால், 'ஸ்கேன் பிஎஸ்டி' என்ற திருத்தும் கருவி அதனுடனேயே வருகிறது. திருத்துவதற்கு முன் உடைந்த கோப்பை அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். தண்டர்பேர்ட் பாவிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அழித்த கடிதம், 'கொம்பக்ட்' செய்யப்படும் வரை கோப்புக்குள்ளே கிடக்கும். ஆகவே பதற்றத்தில் அதை அழுத்திவிடாதீர்கள். ஹாட் டிஸ்க்கிலிருந்தே கோப்பு அழிந்திருந்தால் கணினியை உடனே நிறுத்துங்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழையதன் மேல்தான் விழக்கூடும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். விண்டோஸ் முழுவதையும் அதன்மேல் எழுதிவிட்டோம். எல்லாம் தவறினால், அனுப்பியவரைக் கேளுங்கள். கடிதத்துக்கு எப்போதும் இரண்டு முனைகள் உண்டு.

பிரதி எடுப்பது இதைவிட இலகு. அவுட்லுக்கில் 'பைல்' பகுதிக்குப் போய், 'ஓபன் அன்ட் எக்ஸ்போர்ட்', அதில் 'இம்போர்ட் எக்ஸ்போர்ட்' என்று சென்றால் கடிதங்களை ஒரு பிஎஸ்டி கோப்பாக வெளியே எடுக்கலாம். ஓஎஸ்டி என்று முடியும் கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். அதை வேறு கணினியில் வழமைபோல் திறக்க முடியாது. தண்டர்பேர்டில் 'புரொபைல்' போல்டர் முழுவதையும், மென்பொருளை மூடிவிட்டுப் பிரதி எடுத்தால் போதும். கோப்பு நான்கு ஜிபியைத் தாண்டினால் சில பென் டிரைவ்கள் ஏற்காது. 'எக்ஸ்பற்' முறையில் போர்மட் செய்த வெறும் டிரைவ் ஏற்கும். எடுத்த பிரதியை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதி இருந்தும் இல்லாததுதான். பார்த்தபின் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், பல வீடுகளின் கணினிகள் இப்போது கடைகளுக்குப் போகின்றன. கொடுப்பதற்கு முன் கடிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு எங்கள் கடிதத்தின் பெறுமதி தெரியாது. தெரிய வேண்டியவர்கள் நாங்கள்.

"எல்லாம் வட்ஸ்அப்பில்தானே, மின்னஞ்சலில் எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. உயர்தரம் முடித்த மாணவி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது இணையவழியில். அதற்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும். புலமைப்பரிசில், நேர்முகப் பரீட்சை, வேலைக் கடிதம் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வருகின்றன.

இந்த இடத்தில் பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் பலருடைய மின்னஞ்சல் முகவரியைத் திறந்து தந்தவர் கொமியூனிகேஷன் கடைக்காரர். கடவுச்சொல் அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. சிலருக்கு நானாவின் முகவரியே தங்களுடைய முகவரி. நானா தொலைபேசி இலக்கத்தை மாற்றினால் தங்கையின் கடிதமும் போய்விடும். பிள்ளையின் அடையாள அட்டையை அடுத்தவர் கையில் விட்டுவைப்போமா? அவள் பெயரில் ஒரு முகவரியும், அவளே அறிந்த கடவுச்சொல்லும் இருக்கட்டும். பாதுகாப்புக்குப் பயப்படுபவர்கள், அந்தக் கடவுச்சொல்லை ஒரு கடதாசியில் எழுதி உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வைக்கலாம். பெரியவாப்பா அப்படி ஓர் உறையை வைத்திருந்தால் அவருடைய கடிதத்தை நாங்கள் இழந்திருக்க மாட்டோம்.

எமது கல்லூரியிடமும் ஒரு வேண்டுகோள். கணினிப் பாடத்தில் கடிதம் தட்டச்சு செய்யவும் இணைப்பு அனுப்பவும் படிக்கிறோம். தவணைக்கு ஒரு பாடவேளை, கடிதங்களைப் பிரதி எடுக்கவும் திறந்து சரிபார்க்கவும் பழக்கினால் என்ன? செலவு ஒன்றும் இல்லை. அந்த ஒரு பாடவேளை ஒரு மாணவியின் அனுமதிக் கடிதத்தைக் காப்பாற்றலாம். நாற்பது நிமிடம் அதற்கு அதிகமா?

எங்கள் காணி விடயம் இன்னும் முடியவில்லை. ஸ்கேன் பிரதி கிடைத்ததால் கோப்பு நகர்கிறது. எல்லைகளைச் சொல்லத்தான் வாப்பா ஊரின் மூத்தவர்களைத் தேடித் திரிகிறார். நினைவுள்ளவர்கள் இப்போது இரண்டொருவரே. ஒருவர் பாலை மரத்தைச் சொல்கிறார். கிணறு யாருடையது என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை.

பச்சைப் பைக்குள் இப்போது ஒரு சிறிய பென் டிரைவும் இருக்கிறது. மாத முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா தவறாமல் கேட்பார்: "கடிதமெல்லாம் பைக்குள்ள போயிட்டா மகள்?"

"போயிட்டு வாப்பா. திறந்தும் பார்த்துட்டேன்" என்பேன்.