காருக்கு எந்த எண்ணெய்?



தாளிக்க எந்த எண்ணெய், தலைக்கு எந்த எண்ணெய், விளக்குக்கு எந்த எண்ணெய் என்று யாராவது கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட நாம் பதில் சொல்லிவிடுவோம். காருக்கு எந்த எண்ணெய் என்று கேட்டால்? "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று வீட்டுக்காரரைக் காட்டுவோம். அவர் ஒர்க்‌ஷாப்காரரைக் காட்டுவார். ஒர்க்‌ஷாப்காரரோ தன் அலமாரியில் அன்று என்ன டின் இருக்கிறதோ அதைக் காட்டுவார்!

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, மார்க்கெட் போக, மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போக என்று கார் ஓட்டுகிறவர்கள் இன்று நம்மில் நிறையப் பேர். ஓட்டுகிற கைக்கு எண்ணெய் மாற்ற வராதா என்ன? எங்கள் சின்ன பெட்ரோல் காருக்கு மூன்று வருஷமாக நானேதான் மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேர வேலை. சொல்லப்போனால், போல்ட்டைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தையே இல்லை. கடையில் வரிசையாக நிற்கும் டின்களில் எதை எடுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைத்தான் இன்று பேசப் போகிறோம். மின்சாரக் கார் வைத்திருக்கிற சகோதரிகள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அவர்களுடைய வண்டியில் எஞ்சினும் இல்லை, எஞ்சின் ஆயிலும் இல்லை!

எண்ணெய்க்கு என்ன வேலை?

இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் மெல்லிய படலமாக நிற்பது முதல் வேலை. எஞ்சினின் உள் உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே வருவது இரண்டாவது. கரியையும் பிசுக்கையும் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்வது மூன்றாவது. துரு ஏறாமல் காப்பது நான்காவது. இதற்காக எண்ணெயில் பல மருந்துகள் சேர்த்திருக்கிறார்கள். நாளாக ஆக அந்த மருந்துகள் தீர்ந்துபோகும், அழுக்கும் நிறைந்துவிடும். அதனால்தான் மாற்றுகிறோம். எண்ணெய் கறுத்துவிட்டதே என்று மட்டும் பயப்பட வேண்டாம். கரியைக் கழுவி எடுக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

டின்மேல் இருக்கும் எண்கள்

டின்னின் முன்புறம் "5 டபிள்யூ-30", "0 டபிள்யூ-20", "20 டபிள்யூ-50" என்று பெரிதாகப் போட்டிருக்கும். எஸ்.ஏ.ஈ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த கணக்கு இது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து.

மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை, இல்லையா? டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் அந்த மாதிரி விஷயத்தைத்தான் சொல்கிறது. எண் சிறியதாக இருந்தால் குளிரில் எண்ணெய் சுலபமாக ஓடும். 5 டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் சோதிக்கிறார்கள். 20 டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் சோதிக்கிறார்கள்.

"நம்ம ஊர்ல அந்தக் குளிர் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஓடிச் சூடேறிய எஞ்சினில் எண்ணெய் சுமார் 100 டிகிரி உஷ்ணத்தில் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் நம் ஊர்க் காலை நேரத்து 25 டிகிரியும் அதற்குக் குளிர்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் முழுவதும் அடித்தட்டில் இறங்கிக் கிடக்கும். ஸ்டார்ட் செய்ததும் அது சட்டென்று மேலே ஏற வேண்டும். ஏறும்வரை உள்ளே உரசல்தான்.

டபிள்யூவுக்குப் பின்னால் இருக்கும் எண், 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. வெல்லப்பாகு ஆறினால் இறுகும், சூடாக்கினால் இளகும். எண்ணெயும் அப்படித்தான். இந்த எண் பெரியதாக இருந்தால், சூட்டிலும் கெட்டியாக நிற்கும்.

கெட்டியாக இருந்தால் நல்லதா?

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான்: "நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டி ஆயில்தாம்மா நல்லது. 20 டபிள்யூ-50 போடுங்க, வண்டி சும்மா வெண்ணெய் மாதிரி ஓடும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்து எஞ்சின்களுக்கு அந்த மாதிரிக் கெட்டி எண்ணெய் பொருத்தமாக இருந்தது. இன்றைய எஞ்சின் வேறு. அதன் உள்ளே எண்ணெய் போகும் வழிகள் குறுகல். எண்ணெய் அழுத்தத்தாலேயே இயங்கும் நுட்பமான வால்வு ஏற்பாடுகள் பல வண்டிகளில் உண்டு. கெட்டி எண்ணெய் அங்கே தாமதமாகப் போய்ச் சேரும், பெட்ரோலும் அதிகம் பிடிக்கும். வெயில் காலமானாலும் மழைக்காலமானாலும் எஞ்சின் தன் உஷ்ணத்தைத் தானே ஓர் அளவில் வைத்துக்கொள்வதற்குத் தெர்மோஸ்டாட் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அதற்காக இருப்பதிலேயே இளசான எண்ணெயை எடுக்கலாமா என்றால், அதுவும் கூடாது. கெட்டி எண்ணெய்க்கென்று செய்த பழைய எஞ்சினில் 0 டபிள்யூ-20 ஊற்றினால் அழுத்தம் நிற்காது, தேய்மானம்தான் மிச்சம். "வண்டி ஆயில் குடிக்குது, அதனால கெட்டியா ஊத்துறேன்" என்பார்கள் சிலர். காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் போர்வையைப் போர்த்துவது மாதிரிதான் அது.

பின் எதைத்தான் ஊற்றுவது? காரோடு ஒரு கையேடு கொடுத்தார்களே, இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் பிரிக்காமல் கிடக்குமே, அதை எடுங்கள். எந்த எண், எந்தத் தரம், எத்தனை லிட்டர் என்று மூன்றும் அதில் இருக்கும். காரைச் செய்தவர்கள் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு அது. பக்கத்து வீட்டம்மாவுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நாம் விழுங்குவோமா? அவர்கள் காருக்கு ஊற்றிய எண்ணெயும் அப்படித்தான். கையேடு தொலைந்துபோயிருந்தால் கார் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் மாடலையும் வருஷத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

பின்புறம் இருக்கும் எழுத்துகள்

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. டின்னைத் திருப்பிப் பாருங்கள். ஏ.பி.ஐ. என்று போட்டு இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து எஸ் என்றால் பெட்ரோல் எஞ்சினுக்கு, சி என்றால் டீசல் எஞ்சினுக்கு. சிலவற்றில் இரண்டும் இருக்கும். இரண்டாவது எழுத்து தரத்தைக் காட்டும். அகர வரிசையில் பின்னால் போகப் போகப் புதிய தரம். எஸ்.என். 2010-இல் வந்தது, எஸ்.பி. 2020-இல் வந்தது. கையேட்டில் எஸ்.என். என்று இருந்தால் எஸ்.பி. ஊற்றலாம். எஸ்.பி. கேட்கும் வண்டிக்கு எஸ்.என். ஊற்றக் கூடாது. முக்கியமாக, டர்போ வைத்த சின்ன பெட்ரோல் எஞ்சின்காரர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்ற டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சாம்பல் அதிகம் தரும் எண்ணெய் ஊற்றினால் அது நாளடைவில் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியை மாற்றுவது பெரிய செலவு. கையேட்டில் ஏ.சி.ஈ.ஏ. என்று போட்டு சி வரிசைத் தரம் கேட்டிருந்தால் அதையேதான் வாங்க வேண்டும்.

மிச்சமான கார் எண்ணெயைப் பையனுடைய மோட்டார் சைக்கிளில் ஊற்றிவிடலாமே என்று சிக்கன யோசனை வரும். வேண்டாம்! பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் நனைந்து கிடக்கும். கார் எண்ணெய் பட்டால் அது வழுக்க ஆரம்பிக்கலாம். அதற்கென்று தனி எண்ணெய் இருக்கிறது.

சிந்தெடிக் அவசியமா?

மினரல், செமி சிந்தெடிக், சிந்தெடிக் என்று மூன்று வகை. விலை ஏறிக்கொண்டே போகும். சிந்தெடிக் எண்ணெய் அதிகச் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெடாது. 0 டபிள்யூ என்று ஆரம்பிக்கும் எண்ணெய்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். கையேடு கேட்டால் மறுபேச்சில்லாமல் வாங்குங்கள். கேட்கவில்லையென்றால், சரியான எண்ணும் எழுத்தும் உள்ள சாதாரண எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்றினாலே போதும். விலை உயர்ந்த தப்பு எண்ணெயைவிட, விலை குறைந்த சரியான எண்ணெய் மேல்.

வாங்கும்போது

லிட்டர் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். நான் மாற்றக் கற்றுக்கொண்டதே அந்தக் கணக்கால்தான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் 4 லிட்டருக்கு பில் போட்டார்கள். எங்கள் வண்டிக் கையேட்டில் ஃபில்டர் மாற்றினால்கூட 3 லிட்டருக்கு மேல் பிடிக்காது என்று இருந்தது. பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். "சரி மேடம், விடுங்க" என்று ஒரு லிட்டரைக் கழித்தார்கள். படித்துவிட்டுப் போனால் பணமும் மிச்சம், மரியாதையும் மிச்சம்.

மூடியின் சீல் உடைந்திருக்கிறதா, தயாரித்த தேதி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். போலிச் சரக்கு உண்டு. அதனால் பெட்ரோல் பங்க், கார் நிறுவனத்தின் கடை என்று நம்பிக்கையான இடத்தில் பில்லோடு வாங்குங்கள். காலி டின்னைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் கத்தியால் கீறிவிடுங்கள். இல்லையென்றால் அதிலேயே போலியை அடைத்துவிடுவார்கள். கூடவே புது ஆயில் ஃபில்டரும், வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷரும் வாங்குங்கள்.

வாரன்ட்டி காலம் முடியாத புதுக் காரா? அதுவரை நிறுவனத்தின் சர்வீஸுக்கே விடுவது உத்தமம்.

மாற்றும்போது ஜாக்கிரதை

1. புடவைத் தலைப்பு, துப்பட்டா, நீளப் பின்னல் எதுவும் தொங்கக் கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும் வண்டிகள் உண்டு.

2. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கடியில் போகவே கூடாது. ஜாக்கி ஸ்டாண்ட் என்ற இரும்பு முக்காலி கொடுத்த பிறகுதான் போக வேண்டும். செங்கல் அடுக்குவது உயிருக்கு உலை வைக்கும்.

3. எஞ்சினை இரண்டு மூன்று நிமிஷம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். எண்ணெய் இளகினால் போதும், கொதிக்க வேண்டாம். கையுறை அவசியம்.

4. கியர் பாக்ஸுக்கும் ஒரு வடிகால் போல்ட் உண்டு. கையேட்டுப் படத்தைப் பார்த்து எஞ்சின் போல்ட் எது என்று உறுதி செய்த பிறகே ஸ்பேனரைப் போடுங்கள்.

5. பழைய ஃபில்டரோடு அதன் ரப்பர் வளையமும் வந்துவிட்டதா என்று பாருங்கள். புது வளையத்தில் துளி எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்குங்கள்.

6. சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே ஊற்றுங்கள். ஒரு நிமிஷம் ஓடவிட்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்து, நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து அளவுக் கம்பியைப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினால் உள்ளே நுரைத்துக் கெடுதல் செய்யும்.

எப்போது மாற்றுவது?

பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இதில் எது முந்தியோ அது. "என் கார் 3,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு" என்று நம்மில் பலர் தள்ளிப் போடுகிறோம். ஆனால் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் வரும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு அடைவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலந்து நிற்கும். நீளப் பயணம் போகும் வண்டியைவிட நம் வண்டியின் எண்ணெய்தான் சீக்கிரம் கெடும்! வருஷக் கணக்கைத் தவற விடாதீர்கள்.

மாதம் ஒரு முறை அளவுக் கம்பியைப் பாருங்கள். ஓட்டும்போது அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால், "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று நினைக்காமல் ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். எண்ணெய் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். மேற்கொண்டு ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

பழைய எண்ணெய் விஷம்

இது ஆரோக்கியப் பக்கமும் அல்லவா? அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். உபயோகித்த எஞ்சின் எண்ணெயைத் தொடர்ந்து தோலில் தடவிய சோதனைச்சாலை எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்திருக்கிறது. கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய்க்குச் சொறி வந்தால் இதைத் தடவும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பாவம், வாயில்லா ஜீவன் அதை நக்கி விழுங்கிவிடும். கதவுக்கும் கட்டிலுக்கும் அடிப்பதும் வேண்டாம்.

சாக்கடையிலோ தோட்டத்து மண்ணிலோ கொட்டினால் நிலத்தடி நீர் கெடும். அந்தத் தண்ணீர்தான் நம் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் வருகிறது. நம் நாட்டின் 2016-ஆம் வருஷத்து விதிகளும் பழைய எண்ணெயை அபாயக் கழிவு என்றே சொல்கின்றன. உணவுப் பொருள் வைத்திராத டின்னில் ஊற்றி, மேலே "பழைய ஆயில்" என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிறகு, பழைய எண்ணெயைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்றைக்கே அந்தக் கையேட்டைத் தேடி எடுத்து, எண், எழுத்து, லிட்டர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயை நீங்களே மாற்றினாலும் சரி, மெக்கானிக்கிடம் விட்டாலும் சரி, என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்க அந்தச் சீட்டு ஒன்றே போதும்.

அடுத்த இதழில் டயர் காற்றைப் பற்றிப் பார்ப்போம்.