சிவப்பு எச்சரிக்கை எந்த மொழியில் வந்தது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வாசித்துவிட்டுக் கோபம் வந்தால் திட்டவும் செய்யலாம், ஆனால் முழுசாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் பத்தாம் தரம் வரலாற்று வகுப்புக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். இந்த வருடம் நாட்டில் நடந்த பத்து முக்கிய நிகழ்வுகளைத் திகதியோடு எழுதி வர வேண்டும். இந்த முறை பாடசாலை ஒழுங்காக நடக்கவில்லை. நாட்டின் பல இடங்களில் டிசம்பர் 16ஆம் திகதி பாடசாலை திறந்தாலும் எங்கள் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியும். ஆகவே வட்ஸ்அப்பில்தான் கேட்டேன். சிக்னல் கிடைத்த பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள்.

பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் முழு நாடும் இருட்டான கதையை அநேகமாக எல்லோரும் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. எனக்கும்தான். மே 6 உள்ளூராட்சித் தேர்தல், ஆகஸ்ட் 22 ரணில் விக்கிரமசிங்க கைது, மஹிந்த ராஜபக்ஷ விஜேராம வீட்டை விட்டுப் போனது என்று டீவியில் பார்த்ததெல்லாம் வந்திருந்தன. செம்மணியை ஒரேயொரு பிள்ளை எழுதியிருந்தாள். அந்தப் புதைகுழியில் ஒரு சிறு பிள்ளையின் எலும்புகளோடு பாடசாலைப் பையும் கிடைத்ததே, அதை அவள் தனியாக அடிக்கோடிட்டிருந்தாள். மார்ச் மாதம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதற்காக 22 வயது முஸ்லிம் இளைஞன் ஒருவனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து வைத்திருந்ததை யாரும் எழுதவில்லை. எங்கள் பிள்ளைகளும் எழுதவில்லை. அதை நான் சேர்த்தேன்.

தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இரண்டு நிகழ்வுகளை மட்டும் எழுதியிருந்தாள். மே 11, நவம்பர் 27.

மற்ற எட்டும் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் எங்களுக்கு நடக்கல்ல சேர்" என்றாள். சரி, நாட்சம்பளம் 1,750 ரூபா என்று நவம்பர் 7 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்களே, அதையாவது எழுதியிருக்கலாமே என்றேன். "அது இன்னும் கைக்கு வரல்ல சேர். வந்ததும் எழுதுறேன்." ஜனவரியிலிருந்துதான் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை சொன்னது சரிதான். முழுப் புள்ளியும் போட்டேன்.

மே 11 பற்றி நமக்கு நாமே சொல்லத் தேவையில்லை. வெசாக்குக்கு முந்திய நாள், ஞாயிற்றுக்கிழமை. சுபஹ் தொழுகைக்கு எழும்புகிற நேரம். கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ் கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் விழுந்தது. 70க்கும் மேற்பட்டவர்கள் அதில் ஏறியிருந்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தன் கைக்குழந்தையை அணைத்துக் காப்பாற்றிவிட்டு இறந்துபோன தாயைப் பற்றி முழு நாடும் பேசியது. எங்கள் பொடியன்மார் இரத்தம் கொடுக்கப் போனார்கள். அங்கே யார் எந்த இனம் என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஆசனப் பட்டி, சாரதிகளின் நித்திரை, பாதுகாப்பு வேலி, பழைய பஸ் என்று இரண்டு கிழமை பேசினோம். நான்கு மாதம் முடியவில்லை, செப்டம்பர் 4ஆம் திகதி எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் போய் 15 பேர் இறந்தார்கள். மலைநாட்டு வீதி எப்படி என்பது நமக்கு நேற்றுத் தெரிந்த விஷயமா? தெரிந்ததைச் செய்யாமல் இருப்பதுதான் நம் நோய்.

இனி நவம்பர் 27. இதை எழுதத்தான் இந்தப் பதிவு. மேலே எழுதியதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான் என்று இப்போது படுகிறது.

அன்று வியாழக்கிழமை. மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். அன்று பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். இரவு பத்து மணியளவில் எனக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. மண்சரிவு அபாயம், எங்கள் பிரதேசம் சிவப்பு நிலை, ஆபத்தான இடங்களிலிருந்து உடனே வெளியேறவும். தனிச் சிங்களம். எந்த அலுவலகத்திலிருந்து, யார் யார் கைமாறி வந்தது என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. அந்த இரவில் அதை அனுப்பியவரும் தூங்காமல் இருந்து அனுப்பிய ஒரு மனிதர்தான்.

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த முஸ்லிம்களில் பலருக்குத் தெரியும். வழமையாக இப்படி ஏதாவது வந்தால் தமிழில் எழுதிப் பெற்றோர் குழுவில் போடுவேன். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்து மக்கள். அன்றும் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரி எழுதினேன். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் 11 வீதம். இதற்கு முன்னும் எத்தனையோ எச்சரிக்கை வந்திருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. "காலையில பார்க்கலாம், படுங்க" என்று வீட்டில் சொன்னார்கள். படுத்துவிட்டேன்.

காலையில் எழும்பி அனுப்பியபோது அந்தச் செய்தியை வாங்குவதற்கு மேலே டவர் வேலை செய்யவில்லை. ஒற்றைச் சரிதான் விழுந்தது.

அந்தப் பிள்ளையின் லயத்துக்குப் பின்னால் இருந்த மலை இரவோடு இரவாகக் கீழே வந்திருக்கிறது. நான்கு காம்பராக்கள் இல்லை. உயிர்ச் சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஏன் இல்லை? ஒரு வயதான மனுஷன். இருமலால் தூக்கம் வராமல் வாசலில் இருந்திருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த பீலித் தண்ணீர் திடீரென்று நின்றுவிட்டதாம். அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்தது நினைவு வந்து, கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியே எடுத்திருக்கிறார். என் செய்தி அல்ல, அவருடைய இருமல்தான் காப்பாற்றியது. எல்லா லயத்திலும் அப்படி ஒருவர் விழித்திருக்கவில்லை. டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இன்னும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை. கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலை மாவட்டங்களில்தான் இழப்பு மிகக் கூட.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதே நாட்களில் கொத்மலை அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு வந்தது. நல்ல சுத்தமான தமிழில். பத்து நிமிடத்தில் எட்டுக் குழுவில் அது எனக்கு வந்து சேர்ந்தது. கம்பளையில் இருக்கும் என் உறவுக்காரர்கள், ஏற்கெனவே மகாவலி வீட்டுக்குள் வந்து நிற்கும்போது, அதைக் கேட்டுக் குழந்தை குட்டிகளோடு ஓடியிருக்கிறார்கள். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. 1985 முதல் நிற்கிற அணை இன்றும் நிற்கிறது. அணை உடைந்தது என்ற பொய் தமிழில் வந்தது, மலை சரியும் என்ற உண்மை சிங்களத்தில் வந்தது. பொய்யை அனுப்பிய நம் விரல்களைப் பற்றியும் வெட்கப்பட வேண்டும்.

தமிழ் இந்த நாட்டில் அரச கரும மொழி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. 38 வருடமாகிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இல்லை என்றால் இன்னொரு நாள் போய் எடுக்கலாம். பெயர்ப் பலகையில் எழுத்துப் பிழை என்றால் படமெடுத்து முகநூலில் போட்டுச் சிரிக்கலாம். "உடனே வெளியேறவும்" என்ற வார்த்தைக்கு நாளை என்று ஒன்று கிடையாது. இதை நான் இனப் பிரச்சினையாக எழுதவில்லை. அன்றைக்குச் சிங்களச் சகோதரர்களின் கிராமங்களும்தான் புதைந்தன. அவர்கள் மொழியில் வந்த எச்சரிக்கையும் பலருக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் நம்மவர்களுக்கு மழை ஒரு தடை, கரண்ட் ஒரு தடை, அதற்கு மேல் மொழியும் ஒரு தடை.

"சேர், நீங்கதான் மொழிபெயர்த்துப் போடுறீங்களே" என்று ஒரு நண்பர் சொன்னார். அதுதான் பிரச்சினை. ஒரு வாத்தியாரின் தூக்கத்தை நம்பி ஒரு மலையடிவாரத்தின் உயிர் இருக்கக் கூடாது. சிங்களச் செய்தி போகிற அதே நிமிடத்தில் தமிழ்ச் செய்தியும் போக வேண்டும். பிரதேச செயலகத்திலும் பொலிசிலும் இரவு வேலையில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கேட்க வேண்டியது இதைத்தான். எல்லாக் கட்சிக்காரர்களும் அரிசி மூட்டையோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவராவது இதைக் கேட்டாரா?

அரசாங்கம் செய்யும்வரை நாம் சும்மா இருக்கவும் முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு கஷ்டமானதல்ல. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. ஒரு மணித்தியாலத்தில் மட்டும் 75 பெய்தாலும் சிவப்புத்தான். பக்கம் நேராக இருக்கிற ஒரு டின்னைத் திறந்த வெளியில் வையுங்கள். அடிமட்டத்தை விட்டுப் பாருங்கள். காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் 15 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால், யாருடைய மெசேஜும் தேவையில்லை, கிளம்புங்கள். இதற்குச் சிங்களமும் வேண்டாம், தமிழும் வேண்டாம், டவரும் வேண்டாம். நிலத்தில் புது வெடிப்பு, மரம் சாய்வது, ஊற்று கலங்குவது, அந்தத் தாத்தா பார்த்தது போல ஓடுகிற தண்ணீர் நிற்பது, இவையும் அப்படித்தான்.

ஆனால் கிளம்பி எங்கே போவது? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முழுசாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லது. லயத்துக் காம்பரா யாருடைய வீடு? அதில் நான்கு தலைமுறையாக இருக்கிறவர்களிடம் ஒரு துண்டு உறுதி கிடையாது. ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் 2,000 பேருக்கு வீட்டு உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். அது உறுதியா வெறும் காகிதமா என்ற சண்டை முடியுமுன்பே மலை சரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் குடும்பம் இன்னும் கோயில் மண்டபத்தில்தான் இருக்கிறது. தோட்டம் திரும்பிப் போ என்கிறது. போகாதே என்கிறது பரிசோதித்த அறிக்கை. அப்பா அந்த இரண்டுக்கும் நடுவில் தினமும் வேலைக்குப் போய் வருகிறார். உலக வங்கி இந்தப் புயலின் நேரடிச் சேதத்தை 4.1 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் இந்த நான்கு காம்பராவும் எத்தனை ரூபாவாகப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

முஸ்லிம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வெள்ளிக்கிழமை முதல் ஒன்றரைக் கிழமை நம் பள்ளிவாசலில் சமைத்தோம், மண் வெட்டினோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் நம்மிடம் ஒலிபெருக்கி இருக்கிறது, பட்டரி இருக்கிறது, சிங்களம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுப் பார்சலை மறுநாள் கொண்டுபோகத் தெரிந்த நமக்கு, செய்தியை முதல்நாள் இரவு கொண்டுபோகத் தோன்றவில்லை. என்னைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆகவே ஒரு வேலை ஆரம்பிக்கிறோம். பள்ளிவாசல், கோயில், பன்சல, தேவாலயம் நான்கின் ஒலிபெருக்கியையும் சிவப்பு நிலை வந்தால் இரவு எந்த நேரமானாலும் பாவிப்பதற்குப் பொறுப்பானவர்களிடம் பேசியிருக்கிறோம். மூன்று இடத்தில் சரி என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது இடத்தில் நாளை பேசுவோம். சிங்களமும் தமிழும் எழுதத் தெரிந்த ஆறு பேர் வேண்டும். ஓர் இரவுக்கு இரண்டு பேர் முறை வைத்து விழித்திருக்க வேண்டும். சம்பளம் இல்லை. பெயர் தர விரும்புகிறவர்கள் கொமெண்டில் "நான்" என்று மட்டும் போடுங்கள், நான் இன்பொக்ஸில் வருகிறேன். ஆசிரியர்கள் மட்டும்தான் என்றில்லை. கடைக்காரர், த்ரீவீல் ஓட்டுகிற தம்பிமார், வீட்டில் இருக்கும் சகோதரிகள் எல்லோரும் வரலாம்.

நிறுத்திய உயர்தரப் பரீட்சை 2026 ஜனவரி 12ஆம் திகதி மீண்டும் ஆரம்பிக்கும் என்று அறிவித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் சிலரின் குறிப்புக் கொப்பிகள் மண்ணுக்குள் போய்விட்டன. தமிழ் மொழிமூலக் கலைப்பிரிவுக் குறிப்புகள் யாரிடமாவது இருந்தால் போட்டோ கொப்பி எடுக்கத் தாருங்கள், ஒரே நாளில் திருப்பித் தருவேன். டின்கள் சேர்க்கிறோம். பெரிய பால்மா டின் இருந்தால் எறியாதீர்கள், பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். பன்னிரண்டு லயத்துக்கு வைக்க வேண்டும், இதுவரை ஐந்துதான் சேர்ந்திருக்கிறது.